உப்பில்லாத சஹன்

காதுக்குள் தண்ணீர் கூடிவிட்டது என்று கொழும்பு டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் காதில் தண்ணீர் இருப்பதில் என்ன அதிசயம்? அவர் சிரிக்கவில்லை. அது உட்காதில் இருக்கிற தண்ணீராம். உப்புக் கூடினால் அதுவும் கூடி, தலை சுற்றுமாம். உப்பைக் குறை, கருவாட்டை மற, கோப்பியை விடு என்றார். விற்றமின் குளிசையும் எழுதித் தந்தார். அதனால் என் சிறுநீர் மஞ்சளானதைத் தவிர வேறு மாற்றம் எதையும் நான் காணவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்முனை பஸாரில் எனக்கு இரும்புச் சாமான் கடை. பட்டப்பகலில் கடை வாசலில் நான் தள்ளாடினால் சனம் என்ன நினைக்கும்? பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுகிற ஒருவர் வீடு தேடி வந்து, "தங்கச்சி, அவர் குடிக்கிறத்த நிப்பாட்டச் சொல்லுங்க" என்று என் மனைவியிடம் புத்தி சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாளில் இஞ்சிச் சோடாவுக்கு மேல் எதையும் குடிக்காதவன் நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலைச்சுற்று இன்னும் கூடியது.

உறவினர்கள் சும்மா இருப்பார்களா? தேனில் குழைத்த கருஞ்சீரகம் வந்தது. வல்லாரைச் சம்பல் வந்தது. மனைவியின் தம்பி வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டு மூளையோடு வந்தார்.

"மூளைக்கு மூளதான் மருந்து மச்சான்."

"வருத்தம் மூளையில இல்ல, காதுல" என்றேன்.

அடுத்த கிழமை அவர் ஆட்டுக் காதையும் சேர்த்துக் கொண்டுவந்தார். உப்பே போடாமல் அவித்த ஆட்டுக் காதைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் என் துயரம் புரியும்.

இதற்கிடையில் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை சம்மாந்துறை, நல்ல குடும்பம். மனைவி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சாருங்க, தலை சுத்துறது பரம்பரை வருத்தம் எண்டு கதை கட்டிருவாங்க. உங்கட காதப் பத்தி அவங்கட ஆக்களோட மூச்சு உடாதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னால் என் பிள்ளைக்கு ஒரு சொல் வந்துவிடுமோ என்று நான் உள்ளூர நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். கலியாணத்தன்று காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுத்தேன். உட்கார்ந்தபடி செய்கிற காரியம் என்பதால் தப்பினேன். ஆனால் மகள் இனித்தான் அந்தக் குடும்பத்தாரின் வாய்க்குள் வாழவேண்டும், பயம் போகவில்லை.

பிறகு விருந்து. எங்கள் பக்கம் கலியாணச் சோற்றை ஆளுக்கொரு கோப்பையில் போடுவதில்லை. சஹன் என்கிற பெரிய தட்டில் மலைபோலக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நான் குசினிப் பக்கமாய் ஒதுங்கித் தனியே சாப்பிடுவதாக ஏற்பாடு. அதற்காக உப்பில்லாமல் கொஞ்சம் ஆக்கும்படி சமையற்காரரிடம் மனைவி இரகசியமாய்ச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த மனுசன் தனியாளுக்கு ஆக்கிப் பழகாதவர். சஹன் கணக்கில்தான் அவருக்குக் கை வரும்.

நான் குசினிக்கு நழுவப் பார்த்தபோது மாப்பிள்ளையின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்திமார் ரெண்டு பேரும் ஒரு சஹன்லதான் இரிக்கணும்" என்று பக்கத்தில் இருத்திவிட்டார். சமையற்காரர் சொன்ன சொல் தவறாதவர். உப்பில்லாச் சோறும் இறைச்சியும் எனக்கென்று சொன்னதல்லவா, அப்படியே எங்கள் சஹனில் குவித்து அனுப்பிவிட்டார்.

முதல் வாயிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மற்ற ஐந்து பேரும் மாப்பிள்ளை வீட்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா மட்டும் திரும்பத் திரும்ப உப்பில் ஊறிய அச்சாறு கேட்டார். என் சம்பந்தியோ ஒரு பருக்கை விடாமல் தன் பக்கத்தை வழித்துச் சாப்பிட்டார். நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். குட்டு உடைந்தது, என் மகளின் மானமும் போனது என்றே நினைத்தேன்.

கை கழுவும் இடத்தில் சம்பந்தி என்னை ஓரமாய்க் கூட்டிப்போனார்.

"சம்பந்தி, மறைக்காமச் சொல்லணும். எனக்கு உப்பு ஆகாதெண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

 நான் வாய் திறக்குமுன் அவரே என் காதோடு சொன்னார்.

"எனக்கு பிரஷர். அடிக்கடி தலை சுத்தும். பொம்புள ஊட்டுக்குத் தெரிஞ்சாக் கலியாணம் குழம்பிரும் எண்டு எங்கட ஆக்கள் வாயத் தொறக்கல்ல. நீங்க எல்லாம் அறிஞ்சும் புள்ளயத் தந்திருக்கீங்க, எனக்கெண்டு தனியா ஆக்கியும் வச்சிருக்கீங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நேரம் பார்த்து நிலம் சரிந்தது. எட்டி அவருடைய தோளைப் பிடித்தேன். என் பாரத்தில் அவரும் ஆடி, என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குமா?" என்றார் மெதுவாக.

"ஓம்" என்றேன்.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தீங்களா, இண்டைக்குத்தான் சொந்தமான ஆக்கள், எவ்வளவு ஒட்டு!" என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே நின்றோம். கையை விட இரண்டு பேருக்கும் பயம்.