மாணிக்கத்துக்கு மட்டும் ஒரு வரி

மாணிக்கம் போய்விட்டார். இன்று காலை அவர் மகள் போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் இருந்தவர்கள் நாங்கள். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைக்கப்போகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் டிரில்லோடு வந்தார்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டது. ஸ்டோர் ரூமில் அரிசி டின் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர்... அதுதான் சர்வர். சீலிங்கில் ஏறி கேபிள் இழுத்தது அவர்தான்.

முதல் மெயிலும் அவருடையது. ஹாலில் உட்கார்ந்து, டீ கேட்டு எனக்கு எழுதினார்: "அண்ணே, தே தாரிக் எங்க?"

அனுப்பிவிட்டு, தானே எழுந்து வந்து கதவருகே எட்டிப் பார்த்தார். "வந்துச்சா லா?" ஐந்தாவது தடவைதான் வந்தது.

அவருக்கும் என் சர்வரில் ஒரு முகவரி கொடுத்தேன். அதிலிருந்து எழுதினால் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு ஸ்பேமில் போய் விழுகிறது என்று, இலவச மெயிலுக்கு மாறிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, அவசரத்துக்கு வேணும்ல" என்றார்.

கோபித்துக்கொண்டேன். சின்ன சர்வர் என்றால் பெரிய கம்பெனிகளுக்கு இளக்காரம். அது அநியாயம்... இன்றும் சொல்வேன்.

அந்த வாரமே, இலவச மெயில் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சர்வரில் ஒரு விதி போட்டேன். திருப்பி அனுப்பும் வாசகத்தையும் நானே எழுதினேன்: 'சொந்த முகவரியிலிருந்து எழுதவும்.'

போன் பேச்சும் நின்றது. அவர் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன்.

மகள் இன்று சொன்னாள்: "அப்பா ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு எழுதினாரு அங்கிள். திரும்பி வந்துருச்சு. அண்ணனுக்கு இன்னும் கோவம் போகலன்னு சிரிச்சாரு."

சர்வர் பதிவில் தேடினேன். மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் வாசலோடு திருப்பியிருக்கிறேன். வந்த நேரம் இருக்கிறது, அவர் முகவரி இருக்கிறது. என்ன எழுதினார் என்பது இல்லை.

அவர் போனில் அந்த மெயில் இருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் போடவா என்று மகள் கேட்டாள். வேண்டாம், அப்பா முகவரியிலிருந்தே மறுபடி அனுப்பும்மா என்றேன். காரியம் முடிந்ததும் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

விதியை நான் எடுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாணிக்கத்தின் முகவரிக்கு மட்டும் வழி.

போய் வாருங்கள் மாணிக்கம்... நான் ஸ்டோர் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.