அதே நாற்காலி, அதே ஸ்பிரிட்

தெருவில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எலியின் காலடியில் மின்சாரம் பாய்ச்சி, அது எதை நினைவில் வைத்துப் பயப்படுகிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பார்த்து முடித்ததும் எலியின் கழுத்தைச் சின்ன வெட்டுப்பொறியில் வைத்துத் துண்டிப்பாள். மூளையைக் கரண்டியால் வழித்தெடுப்பாள். மத்தியானம் அதே கையால் சாப்பிடுவாள். கழுவிவிட்டுத்தான்.

இந்த வேலைக்கு அவள் வந்த வழியே ரத்தமாக இருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆலை வாசலில் கலவரம். அவள் அப்பாவை நாலு பேர் இரும்புக் குழாயால் போட்டு அடித்தார்கள். காது கிழிந்து தோளில் தொங்கியது. அம்மாவும் அவளும் சுவரோடு சுவராக ஒட்டி நின்று பார்த்தார்கள். அடித்தவன் ஒருவனின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை என்பது வரைக்கும் அவளுக்கு மறக்கவில்லை. அம்மாவுக்கோ அந்த நாளே துடைத்தாற்போல் மறந்துபோய்விட்டது. “நான் அங்க இருந்தா ஞாபகம் இருக்காதாடி? என்னைப் பைத்தியக்காரி ஆக்காத!” என்று சாகும் வரை சண்டைக்கு வந்தாள். ஒரே அடியைப் பார்த்த இரண்டு மண்டைகளில் ஒன்றில் எல்லாம் செதுக்கினாற்போல் நின்றது, இன்னொன்று காலிக் குடமாகிவிட்டது. ஏன்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் அத்தனை படிப்பும் படித்தாள்.

எலிகளோடு பாதி வயதைக் கழித்த பிறகு மனிதத் தலை கிடைத்தது. வெட்டுப்பட்டவர்கள், அடிபட்டவர்கள், விபத்தில் தப்பியவர்கள் என்று விரும்பி வருகிறவர்களை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலையில் கம்பிகளை ஒட்டுவாள். எதிரே திரையில் மூளையின் ஓட்டம் கோடு கோடாக ஓடும். கம்பி சரியாகப் பிடிக்கவேண்டும் என்றால் ஒட்டுகிற இடத்தை முதலில் ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். வேலையின் முதல் பாடமே அதுதான்.

அப்படித்தான் ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். வழிப்பறிக்காரர்கள் அரிவாளால் மண்டையைப் பிளந்திருந்தார்கள். அதைவிடப் பெரிய கொடுமை அதற்கப்புறம் நடந்தது. ரோட்டோர ஆஸ்பத்திரியில் மரத்துப்போகிற ஊசி தீர்ந்துபோயிருந்தது. நாலு பேர் மேலே ஏறி உட்கார்ந்து அமுக்க, காயத்தில் ஸ்பிரிட்டை ஊற்றித் தைத்தார்கள். இதையெல்லாம் அவர் வாயாலேயே சொன்னார். அவளும் தலையாட்டிக் கேட்டாள்.

கேட்டும் கோட்டைவிட்டாள். எலி என்றால் அப்படி விடுகிறவள் இல்லை. ஒரு எலியின் பயத்து வாடை அடுத்த எலிக்கு ஏறிவிடும் என்று பெட்டியை விழுந்து விழுந்து தேய்ப்பாள். மனிதன் என்றதும் எந்தப் படத்தைக் காட்டுவது, எந்தச் சத்தத்தைப் போடுவது என்பதிலேயே புத்தி போய்விட்டது. ஸ்பிரிட் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. அதற்கு ஒரு வாசனை இருப்பதே அவள் மூக்குக்கு மறந்து வெகு காலம் ஆயிற்று.

பஞ்சை நனைத்துத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான் தெரியும். டிரைவரின் முழங்கை அவள் வாயில் இடித்தது. இரண்டு பல் தொண்டைக்குள் போனது. திரும்பியவர் அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தார். தோள் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் கண் அவளைப் பார்க்கவில்லை, யாரோ நாலு பேரைப் பார்த்தது. வெளியிலிருந்து ஓடிவந்தவர்கள் ஸ்டூலால் அடித்துப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் தம்பி வந்தான். மெக்கானிக். கோபம் மூக்கு நுனியில்.

“எவன்க்கா அவன்? அட்ரஸ் மட்டும் குடு.”

“எதுக்கு, பொண்ணு பாக்கப் போறியா?”

“கைய ஒடிக்கப் போறேன்.”

“தப்பு என்மேலடா.”

“கழுத்த நெரிச்சவன் அவன், தப்பு உன்மேலயா? அடுத்தவன் மூளையத் தோண்டித் தோண்டி உன் மூள கழண்டுபோச்சு.”

எலும்பு கூடியது. பல் கட்டினாள். வேலைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளின் பின்மண்டையைப் பார்த்தாலே கை வெட்டிவெட்டி இழுத்தது. பஞ்சு கீழே விழும். மேலதிகாரி இரண்டு வாரம் பார்த்தார், கூப்பிட்டுச் சொன்னார்.

“எலியோடயே இருங்கம்மா. மனுசத் தலைய அடுத்த மாசத்துலேருந்து வேற ஆள் பாக்கட்டும்.”

அம்மாவின் மண்டைக்கும் தன் மண்டைக்கும் நடுவில் இருந்த கேள்வி அத்தோடு செத்தது என்று அர்த்தம். எலிக்கு அம்மா கிடையாதா என்ன, ஆனால் அது வாய் திறந்து சொல்லாதே.

விடவில்லை. வீட்டுச் சமையலறையில் தம்பியை உட்காரவைத்துத் தினமும் ஸ்பிரிட்டால் அவன் தலையைத் துடைத்துப் பழகினாள். “இருக்கிற நாலு முடியும் போயிடும்க்கா” என்று அவன் அலறினான். கை இழுப்பது நின்றது. தெம்பாக வேலைக்குப் போனாள். அன்றைக்கு வந்தவர் பூஞ்சை உடம்புக்காரத் தபால்காரர் ஒருவர். அவர் தலை குனிந்ததும் கை மறுபடி வெட்டி இழுத்தது, பாட்டில் விழுந்து உடைந்தது.

அப்போதுதான் நெற்றியில் அறைந்துகொண்டாள். எலியிடம் அவளே கண்ட சங்கதி அது. ஒரு பெட்டியில் பயத்தைத் தீர்த்துவிட்டு, அடிபட்ட பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுபோனால், போன பயம் துள்ளிக்கொண்டு வரும். அடிபட்ட இடத்தில்தான் தீர்க்கவேண்டும். அவளோ சமையலறையில் தீர்த்துவிட்டு வந்திருந்தாள்.

அதே நாற்காலி, அதே ஸ்பிரிட், அதே தலை வேண்டும். டிரைவருக்குப் போன் போட்டாள்.

“மறுபடியுமா? மேடம், நான் உங்கள கொன்னுருவேன்.”

“அன்னைக்கே கொல்லல. இன்னைக்கு என்ன பெருசா கொன்னுடப் போறீங்க?”

வந்தார். முடி தோளைத் தொட்டது. எந்தச் சலூன்காரரையும் பின்னால் நிற்கவிட முடியவில்லையாம். விஷயம் காதில் விழுந்து தம்பியும் வந்து, கையில் ஸ்பேனரோடு வாசலில் நின்றான்.

“கையக் கட்டிடுங்க மேடம்.”

“கட்டினா அந்த நாலு பேரு திரும்ப வருவாங்க. வேணாம். இப்ப ஸ்பிரிட் வாசனை வரும், சொல்லிட்டேன். மூடிய நீங்களே திறங்க.”

திறந்தார். மூக்கு விடைத்தது. தொண்டையிலிருந்து உறுமல் வந்தது. நாற்காலியின் கைப்பிடி முறிந்து அவர் கையோடு வந்தது. பின்னால் நின்ற அவளுக்குக் கை மேலே எழவில்லை.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து ஸ்பேனரை டிரைவரின் தோளில் இறக்கினான். அடுத்த நொடி அவனே சுவரில் தொங்கினான், குரல்வளை டிரைவரின் பிடியில். பாட்டில் கவிழ்ந்து அறை முழுக்க ஸ்பிரிட் நாற்றம். தம்பியின் முகம் கறுத்தது, கால் தரையில் படாமல் உதைத்தது. வெளியிலிருந்து கதவை இடித்தார்கள். டிரைவரின் கால் உள்பக்கம் கதவை அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் பின்னால் போய் இரண்டு கையாலும் டிரைவரின் தலையைப் பிடித்தாள். தழும்பு உள்ளங்கைக்குள் துடித்தது.

“தைச்சு முடிச்சாச்சு. யாரும் அமுக்கல. எலிக்காரி பேசறேன். விடுங்க.”

முழங்கை ஓங்கிப் பின்னால் வந்து அவள் விலாவில் இடித்தது. மூச்சு அடைத்தது. அவள் விடவில்லை.

“விடுங்க. அவன் என் தம்பி.”

பிடி தளர்ந்தது. தம்பி சாக்கு மூட்டை மாதிரி கதவை அடைத்தபடி சரிந்து இருமினான். டிரைவர் உடம்பெல்லாம் நடுங்கித் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கை அவர் தலைமேலேயே இருந்தது. அவர் நடுக்கம்தான் அதில் ஓடியது, அவளுடையது இல்லை.

“ஒட்டுங்க மேடம்” என்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“அக்கா, போலீசைக் கூப்புடு” என்றான் தரையிலிருந்து தம்பி.

“முதல்ல அடிச்சவன் நீ. கூப்புடட்டுமா? அந்தப் பஞ்ச எடு.”

அவன் முனகிக்கொண்டே எடுத்துக்கொடுத்தான். தழும்பின் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து முதல் கம்பியை ஒட்டினாள். திரையில் கோடு வெறிபிடித்தது போல் எகிறிக் குதித்தது. அது அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. இரண்டாவது கம்பியை எடுத்தாள்.