ஒரு துண்டு பாண்

ஏறாவூர் முகைதீன்பாவாவை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பாண் காக்கா என்றே கூப்பிட்டார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஏறாவூர்ப் படுகொலையில் வாப்பாவைப் பறிகொடுத்தபோது அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். அந்தக் கதையை அவர் எங்களிடம் ஒருநாளும் எடுத்ததில்லை. பிறகு கட்டாருக்குப் போய், தொழிலாளர் முகாம்களுக்கு ரொட்டி சுட்டார். திரும்பி வந்ததும் வீட்டின் பின்புறம் பாண் சுடும் போறணை ஒன்று கட்டி, ஓர் ஆட்டோவையும் வாங்கினார். தினமும் மாலையில், தமிழர்கள் இருக்கும் எங்கள் தன்னாமுனைப் பக்கம் பாண் கொண்டுவருவார்.

"காக்கா, நேத்தையான் பணிஸ் கல்லு மாதிரி" என்பாள் அம்மா.

"பணிஸ் நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. உன்ட பல்லுக்குத்தான் வயசு போகுது."

முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களில் நடத்திய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு சில வாரங்கள் அவர் வரவில்லை. வந்தபோது அவருக்கு முன்னாலேயே கைபேசிகளில் ஒரு கதை வந்து சேர்ந்திருந்தது. முஸ்லிம் பேக்கரிகளில் பாணுக்குள் பிள்ளை பிறக்காமல் செய்கிற மருந்து கலக்கிறார்களாம். ஒரு மாலை, பக்கத்து வளவு நிதுர்ஷனும் அவனுடைய கூட்டாளிகளும் ஆட்டோவை மறித்தார்கள். அலவாங்கால் கண்ணாடியை உடைத்தார்கள். பாண் தட்டுகளைத் தெருவோரக் கானுக்குள் கவிழ்த்தார்கள். காக்காவின் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை.

"மருந்துப் பாண் எங்கட சனத்துக்கு வேணாம். உங்கட ஊருக்குப் போ!" என்று நிதுர்ஷன் கத்தியதைப் படலையில் நின்று கேட்டேன்.

பொலிஸில் நான்தான் சாட்சி. சொத்துக்குச் சேதம் என்று எழுதினார்கள். அவன் கத்தியதையும் எழுதச் சொன்னேன். "அது வாய்ப்பேச்சு, தங்கச்சி" என்றார் எழுதியவர். சேதம் சிறியது என்பதால் விடயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. அங்கே இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசி இணக்கிவிடுவார்கள். இணங்கினால் நீதிமன்றம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூடினோம். மத்தியஸ்தர்கள் மூவர். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், நல்ல மனிதர். நிதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான்.

"கண்ணாடிக் காசும் பாண் காசும் தம்பிமார் தருவாங்க. மறுகா என்ன காக்கா வேணும்?" என்றார் தலைவர்.

காக்கா பைக்குள்ளிருந்து ஓர் இறாத்தல் பாணை எடுத்து மேசையில் வைத்தார். அன்று விடியச் சுட்டது.

"காசு வேணாம் சேர். இதுல ஒரு துண்டத் தம்பி தின்னட்டும். அவர்ர முன்னால நானும் தின்றன். அதுக்குப் புறகு கையெழுத்து வெக்கிறன்."

நிதுர்ஷன் பாணைப் பார்த்தான். "காசு எவ்வளவெண்டாலும் தாறன் ஐயா. இது மட்டும் ஏலா."

"ஏன் தம்பி?" என்றார் தலைவர்.

"எனக்கு இப்பதான் கலியாணம் பேசிக் கிடக்கு."

யாரோ சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். "மனே, எனக்கு அஞ்சு புள்ள. அஞ்சும் இந்தப் பாணத் திண்ட வீட்டுலதான் பொறந்த."

நிதுர்ஷன் அசையவில்லை. தலைவர் தானே தொடக்கிவைப்பவர்போல் பாணைத் தன் பக்கம் இழுத்தார். அதன்மேல் கையை வைத்தவர் அப்படியே இருந்தார். "எனக்குச் சீனி வருத்தம்" என்றார். பக்கத்திலிருந்த ரீச்சர் தனக்கு விரதம் என்றார். மூன்றாமவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்துபோய் ஒரு துண்டு பிய்த்துத் தின்றேன்.

"நீ எப்பவும் திண்டவதானே புள்ள" என்றார் காக்கா மெல்ல. பிறகு பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தார். காசை வாங்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏன் வெச்சிங்க? கோட்டுக்குப் போயிருக்கலாமே."

"போய்? கண்ணாடி உடைச்சத்துக்குத் தண்டம் கட்டுவான். கண்ணாடி நான் அண்டைக்கே மாத்திட்டன் புள்ள."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். ஒருவரை அவருடைய இனத்துக்காகத் தாக்கினால் சில நாடுகளின் சட்டம் அதைப் பாரமான குற்றமாகக் கொள்ளும் என்று வந்தாறுமூலை வளாகத்தில் படித்தேன். அடி விழுவது ஒருவர்மேல். அது போய்ச் சேர்வது அவரைப் போன்ற எல்லோருக்கும் என்று பரீட்சையில் எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. நிதுர்ஷன் என்னோடு ரியூசன் படித்தவன். அவனைக் கூடுதல் காலம் சிறையில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் அவன் கத்திய வார்த்தையை நீதிமன்றத்தில் ஒருவர் உரத்து வாசித்து, குற்றம் இதுதான் என்று சொல்லியிருந்தால் தலைவரின் கை அந்தப் பாணைப் பிய்த்திருக்குமா? சட்டத்தால் அவ்வளவு முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

காக்கா அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. ஒருவரும் தொடாத மற்ற ஏறாவூர் ஆட்டோக்களும் வரவில்லை. புடவை மூட்டையோடு வரும் கைறுன்னிஸாவும் வரவில்லை. அவர்களுடைய கண்ணாடி எதுவும் உடையவில்லை. அதனால் அவர்கள் எந்த முறைப்பாட்டிலும் இல்லை.

அம்மா இப்போது செங்கலடிக் கடையில் பாண் வாங்குகிறாள். எந்தப் பேக்கரிப் பாண் என்று கேட்டுத்தான் வாங்குகிறாள்.

"ஏனம்மா கேக்கிறீங்க?"

"சும்மா கேட்டன்" என்கிறாள்.