போளை மெசினுக்குப் புதுப் பலகை

சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்து போன மறு வருசம் எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்துக்கு ஒரு மெசின் வந்தது. ஆள் படுக்கிற அளவு நீளமான பெட்டி, நான்கு கால்கள், மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே சாய்வாக ஒரு பலகை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டொன்று பலகையின் உச்சிக்குப் போய், மணிகளிலும் ரப்பர் வளையங்களிலும் முட்டிக்கொண்டு கீழே உருண்டு வரும். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் உள்ள பட்டன்களை அமுக்கினால், கீழே இரண்டு சின்னக் கைகள் அதைத் திரும்ப மேலே தட்டி அனுப்பும். தவறினால் குண்டு நடு ஓட்டைக்குள் போய்விடும். வெளிநாட்டில் இதற்குப் பின்போல் என்று பேராம். கோலிக்குண்டுக்கு எங்கள் ஊரில் போளை என்று பேர், அதனால் எங்கள் பிள்ளைகள் பார்த்த உடனேயே போளை மெசின் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அனுப்பியது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். கூட வந்த கடிதத்தில் ‘சிறுவர் உளவளத் துணை உபகரணம்’ என்று எழுதியிருந்தது. பயந்துபோன பிள்ளைகளின் மனம் தேறுவதற்காக அனுப்பினார்கள். பலகையில் வரைந்திருந்த படம் கடல். நடுவில் ஓர் அலை தென்னையளவு உயரத்துக்கு எழுந்து நிற்க, அதன் மேல் ஒருவன் சிரித்துக்கொண்டு சறுக்குகிறான். குண்டு ஓட்டைக்குள் விழுந்தால் மெசின் அலை அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். அந்தப் படத்தை யார் தெரிந்தெடுத்தார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போது நான் மண்டபத்தில் சம்பளமில்லாத தொண்டர். பிள்ளைகளை வரிசையாக விடுவது என் வேலை. முதல் நாள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் பின்னால் போய்விட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் நகரவில்லை. பத்து வயதிருக்கும்.

“ராத்தா, இந்த அலைக்கு அடிக்க ஏலுமா?” என்று கேட்டாள்.

“ஓம், அடிக்கலாம்” என்றேன்.

அடித்தாள். அதன் பிறகு எல்லாரும் அதையே செய்தார்கள். மெசின் காட்டுகிற புள்ளிகளை ஒருவரும் பார்க்கவில்லை. அலைக்கு யார் எத்தனை தரம் அடித்தது என்பதுதான் அவர்களின் போட்டி.

வருசங்கள் போயின. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போக, வேறு பிள்ளைகள் வந்தார்கள். எனக்கும் நிரந்தர நியமனம் கிடைத்து, மண்டபப் பொறுப்பாளரானேன். குண்டு உருண்டுருண்டு பலகையின் நடுவில் வார்னிஷ் போய், நிறமும் போய், மரம் வெளியே தெரிந்தது. அலை இருந்த இடத்தில் அலை இல்லை. சறுக்கினவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அடியில் எரிகிற லைட்டுகளை மூடியிருந்த பிளாஸ்டிக் வில்லைகள் பள்ளமாக இறங்கிவிட்டதால் குண்டு குதித்துக் குதித்துப் போனது. ஆனால் மெசின் ஓடியது.

இருபது வருச நிறைவுக்கு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், தாங்கள் தந்த உபகரணம் இயங்குவதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. எங்கள் அலுவலகத் தலைவரான சேர் அன்றுதான் முதன்முதலாக மண்டபத்துக்குள் வந்து மெசினைப் பார்த்தார்.

“என்ன மிஸ் இது, புண் புடிச்ச மாதிரி இரிக்கி?”

“புள்ளைகள் விளையாடினது சேர்.”

“ஆரு விளையாட விட்ட?”

அது விளையாடுகிற மெசின் என்று சொன்னேன்.

“அது சரி. அதுக்காக அரசாங்கச் சாமானை இப்பிடியா வெச்சிரிக்கிற?”

பாண்டிருப்பில் மேசை, கதிரை என்று தளபாடம் செய்கிற ஒரு பாஸை வரவழைத்தோம்; தச்சரை நாங்கள் பாஸ் என்போம். அவர் போகிற தேவாலயத்தில் இருக்கிற பழைய ஆர்மோனியத்தைத் திருத்துகிறவர் என்பதால் இதையும் திருத்துவார் என்று சேர் முடிவு செய்திருந்தார். பாஸ் கண்ணாடியைக் கழற்றி, பலகையைத் தூக்கி அடியில் பார்த்தார். கோழிக்குடல் மாதிரி வயர்கள். ஒவ்வொன்றாக விரலால் விலக்கிப் பார்த்தார்.

“திருத்தலாம் சேர்” என்றார் கடைசியில். “வில்லைகளச் சூடுகாட்டிக் கழட்டி, மட்டம் பாத்து ஒட்டோணும். நிறம் போன இடத்துக்கு மட்டும் நிறம் குடுத்து மேல லக்கர் அடிச்சா இன்னும் கன காலம் ஓடும்.”

சேருக்கு அது பிடிக்கவில்லை. திருத்தினது திருத்தின மாதிரித்தான் தெரியும் என்றார். அதோடு, திருத்த வேலைகள் என்ற தலைப்பில் அந்த வருசம் பணம் ஒன்றும் மிச்சமில்லை, புதிய கொள்வனவு என்ற தலைப்பில்தான் இருந்தது. ஆகவே புதுப் பலகை செய்வதென்று கூட்டக் குறிப்பில் எழுதினோம்.

பாஸ் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி இலக்கம் எழுதினார். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தார். நல்ல ப்ளைவூட் பலகையொன்றைச் சாய்ந்தமருதில் கதவுகளுக்குப் பூ வெட்டுகிற கணினி மெசினுக்குக் கொண்டுபோனார். அந்தக் கடைக்காரர் அதுவரை முந்திரிக்குலையும் மயிலும்தான் வெட்டியிருக்கிறார். பழைய பலகையை அளந்து, இத்தனை ஓட்டை எதற்கென்று கேட்டுக் கேட்டு வெட்டித் தந்தார்.

படம்தான் பிரச்சினையானது. பழைய பலகையில் அலை அழிந்துவிட்டதால் அது எப்படி இருந்ததென்று காட்ட ஒன்றுமில்லை. பனர் அடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் கணினியில் தேடிவிட்டு, “நம்மட்ட நல்ல அலை ஒண்டு இரிக்கி மிஸ்” என்றார். வருசா வருசம் நினைவு தின பனருக்குப் போடுகிற அலை. கறுப்பாக, நுரையோடு, ஊரையே விழுங்க வருகிற மாதிரி. அதை வேண்டாமென்று சொல்ல நான் வாயெடுக்க முன், கடைக்காரர் அனுப்பிய படத்தைப் போனில் பார்த்த சேர் சம்மதித்துவிட்டார். பழையதை விடத் தெளிவாக இருக்கிறதாம். கடைக்காரர் அலையின் மேல் புதிதாகச் சேர்த்த சறுக்குகிறவனின் முழங்கால் தெரிகிறதென்று அவனுக்கு நீளக் காற்சட்டை போடச் சொன்னார். மூலையில் எங்கள் அலுவலகத்தின் சின்னத்தையும் வைக்கச் சொன்னார்.

பாஸ் படத்தை ஒட்டி, அதற்கு மேல் லக்கர் அடித்து, காயவிட்டு, தேய்த்து, திரும்ப அடித்தார். கடற்காற்றுக்கு அது காய்வதாக இல்லை. மண்டபத்துக் காற்றாடிகளையெல்லாம் அதன் பக்கம் திருப்பிவைத்தோம். பூட்டி முடித்து முதல் தரம் சுவிட்ச் போட்டபோது வலது பட்டனுக்கு இடது கை அடித்தது. “மாறிப் போச்சு” என்று சொல்லிவிட்டுப் பாஸ் திரும்பவும் அடியில் படுத்தார்.

விருந்தினர்கள் வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நிறுவனத்திலிருந்து வந்தவர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். பயனாளி ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்பதால், அலைக்கு அடிக்க ஏலுமா என்று அன்று கேட்ட அந்தச் சிறுமியைத் தேடிப் பிடித்திருந்தேன். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தில் இருக்கிறாள். உம்மாவையும் தம்பியையும் கடலுக்குக் கொடுத்தவள். மேடைக்குப் போக முன் மெசினடிக்கு வந்து குனிந்து பார்த்தாள்.

“ராத்தா, அந்த அலையை ஏன் திரும்ப வெச்சீங்க?”

“சேர் சொன்னார்” என்றேன்.

“நாங்க எவ்வளவு பாடுபட்டு அழிச்சம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விசயத்தைத் தெரியப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பேச்சுகள் முடிந்ததும் வெள்ளைக்கார அம்மா மெசினைச் சுற்றி வந்தார். கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

“புள்ளைகள் இத பாவிக்கவே இல்லையா எண்டு கேக்கிறா” என்றார் மொழிபெயர்ப்பாளர். “இப்பதான் பெட்டியால எடுத்த மாதிரி இரிக்காம்.”

சேர் நெஞ்சை நிமிர்த்தினார். “மிகவும் கவனமாகப் பாதுகாத்து வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.”

அது மொழிபெயர்க்கப்பட்டது. அம்மா கொப்பியில் எதையோ எழுதினார். அவருடைய முகம் விழுந்துபோயிருந்ததைச் சேர் கவனிக்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை.

“பழைய பலகை களஞ்சியத்தில கிடக்கு” என்றேன்.

சேர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பு முடியும்வரை கூட்டுகிற தும்புத்தடி உடைந்தால் அதைக்கூட வீசக்கூடாது என்பது விதி. அதனால் பலகை இலக்கத் துண்டு கட்டி அங்கேதான் இருந்தது. பாஸும் நானும் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். அம்மா தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். தாதி அவர் பக்கத்தில் போய் நின்று, குண்டு எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் கையால் அடித்தால் அலையின் தலையில் படும் என்று விரலால் காட்டினாள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, இந்தப் பலகையைத் தங்கள் தலைமையகத்துக்குக் கொண்டுபோகலாமா என்று அம்மா கேட்டார். சேர் உடனே உத்தியோகத்தரானார்.

“இது கழிக்கப்பட வேண்டிய பொருள், மெடம். கழிக்கும் வரைக்கும் இது பெறுமதியான பொருள். கழித்த பிறகு எரிக்க வேண்டும். இடையில் கொடுப்பதற்கு விதி இல்லை.”

எழுத்தில் கேட்டால் மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றார். அம்மா ஊருக்குப் போய் எழுத்தில் கேட்டார். அந்தக் கடிதம் அம்பாறைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய், இந்தப் பொருள் தளபாடமா மருத்துவ உபகரணமா என்ற கேள்வியோடு திரும்பி எங்களிடமே வந்தது. நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

புதுப் பலகை போட்ட மெசினுக்குச் சேர் உறை தைப்பித்து, ஆமைப்பூட்டும் போட்டுவிட்டார். பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும். மாதக்கணக்கில் அது உறைக்குள் கிடந்தது. ஒருநாள் மண்டபத்துக் கதவைத் திருத்த வந்த பாஸிடம், பாவிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“உப்புக் காத்துக்கு உள்ள இருக்கிற இரும்பெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போகும் மிஸ். கிழமைக்கு ரெண்டு தரமாவது ஓட்டோணும்.”

அதை எழுதித் தரச் சொன்னேன். தன் கடையின் பேர் அச்சடித்த கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்தார். சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பொறுப்பாளரின் மேற்பார்வையில் பராமரிப்புக்காக மெசினை இயக்கலாம் என்று குறிப்பெழுதினார். யார் இயக்குவது என்று அதில் இல்லை.

இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் வந்து பராமரிக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதி வருகிறேன். போன செவ்வாய் அந்த வழியால் போன சேர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

“பராமரிப்பா மிஸ்?”

“ஓம் சேர்.”

கொஞ்ச நேரம் கைகட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு பட்டனில் கை வைக்கப் போனார்.

“சேர், வரிசை” என்றான் பின்னால் நின்ற ஒரு பிள்ளை.

சேர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். மெதுவாக நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரே ஒரு பிள்ளை மிச்சமிருக்கும்போது பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நான் சுவிட்சை நிறுத்தினேன்.

“மறுகா எப்ப?” என்று கேட்டார்.

“வியாழன் சேர்.”