எதிர் வீட்டுக் கொடியில் என் லுங்கி

எங்கள் தெருவில் ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. திருச்செங்கோட்டின் ஓரத்தில், வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கும் தெரு இது. முக்கால்வாசி வீடுகள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்காரர்களுடையவை. லாரி சத்தீஸ்கரில் நின்றால் வீட்டுக்காரரும் அங்கேயே நிற்பார். மழை பிடித்தால்தான் திரும்புவார். நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். சாயங்காலமானால் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். அதனால் தெருவின் பொதுக் காரியங்கள் எல்லாம் யாரும் கேட்காமலே என் தலையில் விழும்.

மாசியில் மூலை வீட்டில் திருட்டு நடந்தது. வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் திருடர்கள் பீரோவைத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். அதன்பிறகு தெருவில் யாரும் வீட்டைப் பூட்டவில்லை. பூட்டினால் வருவார்கள் என்பதால், பூட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் எதிர் வீட்டு அக்கா. அவர் மகளை நாமகிரிப்பேட்டையில் கொடுத்திருந்தது. இரண்டாவது பிரசவம். இரத்தக் கொதிப்பு ஏறியிருந்ததால் படுத்தே இருக்க வேண்டும், அறுவை செய்ய வேண்டியும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் இல்லாத வீடு. மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. அக்காவின் கணவர் லாரியோடு போயிருந்தார். அக்கா பையைக் கட்டி வாசலுக்குக் கொண்டுவருவார், மூலை வீட்டைப் பார்ப்பார், பையை உள்ளே கொண்டுபோவார். அதைத் தினமும் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. அம்மா வந்து, எங்கள் தெருக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். வெளியூர் போனால் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்றார். வாசலைப் பார்த்ததும் பூட்டிய வீடு என்று தெரியக் கூடாது, அக்கம்பக்கத்தார் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். முக்கியமாக, ஆள் இல்லை என்பதை வெளியாள் யாரிடமும், சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. மூலை வீட்டு விஷயம் அப்படித்தான் வெளியே போயிருக்கிறது என்றார். எங்கள் தெருவுக்கென்று ஓர் ஏட்டையாவை ஒதுக்கினார். ஓய்வு பெறப் போகிற வயது, பொறுமையான மனிதர்.

அக்காவுக்குத் தைரியம் வந்தது. வெளியே பூட்டுத் தொங்காமல் கதவுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டு, ஏட்டையாவிடம் சொல்லிவிட்டு, சாவியோடு நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினார். ஏறும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "உங்கள நம்பித்தாங்க போறேன். ஊட்டுக்கு ஒண்ணுன்னா நான் அங்க ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்."

அவர் இருந்தாக வேண்டும். நாங்கள் வேலையில் இறங்கினோம்.

விவசாயக் கிணற்று மோட்டார் கரண்டு வந்ததும் தானாக ஓடுவதற்கு ஒரு டைமர் பெட்டி வைப்பார்கள். கால் முறிந்து ஊருக்கு வந்திருந்த ரிக் மெக்கானிக் ஒருவர், அக்கா கிளம்பும் முன்பே அதில் ஒன்றை அவர் வீட்டு டிவிக்கும் விளக்குக்கும் மாட்டிவிட்டிருந்தார். விளக்கு பொழுது சாய்ந்தால் எரியும். டிவி முற்பகலிலும் இரவிலும் தானாகப் பேசும். தெருப் பெண்கள் முறை வைத்து வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். அடுத்தவர் பார்க்கும் கோலம் என்பதால் போட்டி வந்து, அந்த வாசலில் மட்டும் பொங்கல் மாதிரி இருந்தது.

துணியும் செருப்பும் என் பொறுப்பு. வெறும் கொடி வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சுற்றுச்சுவர்க் கேட்டைத் திறந்து என் லுங்கியையும் சட்டையையும் அங்கே காயப்போட்டேன். பழைய செருப்பு ஒரு ஜோடியை வாசலில் விட்டேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று தினமும் இடம் மாற்றினேன். ஏட்டையா வந்து பார்த்துவிட்டு, இரண்டும் நேராக இருப்பதுதான் தவறு என்றார். உள்ளே போகிற மனிதன் இப்படியா கழற்றுவான் என்று கேட்டு, ஒன்றைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். அன்று முதல் ஒன்றைக் கவிழ்த்தே வைத்தேன். வீட்டில் என் மனைவி, இந்த அக்கறையில் பாதியை நம் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் காட்டலாம் என்றாள்.

இது நன்றாகவே ஓடியது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட அந்த வீட்டு வாசலில் நின்று பத்து முறை கூப்பிட்டுவிட்டுத் திட்டிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அக்கா கணவரின் பங்காளி முறை. தறிப் பட்டறை வைத்திருப்பவர்கள். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தட்டோடு வந்திருந்தார்கள். இரு வீட்டுக்கும் ஏதோ பழைய மனத்தாங்கல், பேச்சுவார்த்தை நின்றிருந்தது. இந்தப் பத்திரிகையில் அது தீர வேண்டும். அதனால் கையில்தான் கொடுக்க வேண்டும். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போக முடியாது.

மணி அடித்தார்கள். உள்ளே டிவி பேசியது. வாசலில் செருப்பு, பெரிய கோலம். கதவு திறக்கவில்லை. போன் செய்தார்கள், அக்கா எடுக்கவில்லை. அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. நான் போய் நின்றேன். சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. அக்கா குளிக்கிறார் என்றேன்.

காத்திருந்தார்கள். பிறகு, சாமி கும்பிடுகிறார் என்றேன். ஏட்டையாவுக்குப் போன் போட்டேன். அவர் மலைக் கோயில் தேர் பந்தோபஸ்தில் இருந்தார், மேளச் சத்தம்தான் கேட்டது.

அந்த அம்மாள் கொடியைப் பார்த்தார். "ஏனுங்க, அக்கா ஊட்டுக்காரரு ஊருக்கு வந்துட்டாருங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அந்த லுங்கி யாருதுங்க?"

நான் கொடியைப் பார்த்தேன். என் வீட்டு வாசலில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே சீரியலில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். என்னை விட்டுவிடுங்கள், கதவைத் திறங்கள் என்று கதறினாள். தறிக்காரர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

வந்தவர் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத காவலர். எங்கள் ஏற்பாடு வெளியே போய்விடக் கூடாது என்று ஏட்டையா நிலையத்தில்கூட விவரம் சொல்லி வைக்கவில்லை. இப்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். உள்ளே யாரும் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, அக்கா நாமகிரிப்பேட்டையில் இருக்கிறார், அழுவது டிவி என்றேன்.

"இப்பத்தான் சாமி கும்புடறாங்கன்னு சொன்னாருங்க," என்றார் தறிக்காரர். "அதுக்கு முன்ன குளிக்கறாங்கன்னாரு."

காவலர் என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். லுங்கி என்னுடையது என்று ஒப்புக்கொண்டது நிலைமையைச் சரிசெய்யவில்லை. மெக்கானிக் கட்டையூன்றி வந்து டைமரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். அவரையும் என் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு காவலரும் தறிக்காரரும் தோளைக் கொடுத்துக் கதவை இடித்தார்கள். தெருவே ஒன்றுசேர்ந்து காத்த கதவு, நிலையோடு பெயர்ந்து கூடத்தில் விழுந்தது. டிவியில் டீத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏட்டையா வந்து சேர்ந்தபோது எல்லோரும் கதவைச் சுற்றி நின்றிருந்தோம். அவர் ஒரு நாற்காலியை இழுத்து கதவு இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார். என் போன் அடித்தது. அக்கா.

தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், ராசிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் மகளுக்குக் கொதிப்பு ஏறி, அப்போதுதான் அறுவைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். "ஊடு பத்திரமா இருக்குதுங்களா? மறைக்காமச் சொல்லுங்க. ஒண்ணுன்னா இப்பவே பஸ் ஏறி வாரேன்."

எனக்கு அன்று சொன்ன பொய்கள் போதும் என்றிருந்தது. பக்கத்தில் நின்று அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த தறிக்காரரின் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அக்கா, நாந்தான் ஆட்டையாம்பட்டி. பத்திரிக வெக்க வந்தமுங்க. உங்க ஊட்டுக்குள்ளதான் இருக்கறோம். கதவு தொறந்துதாங்க இருக்குது. வாசல்ல போலீசு உக்காந்திருக்குது. நீங்க புள்ளையப் பாருங்க."

 போலீஸ் இருந்தால் சரி என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

அவர் பஸ் ஏறவில்லை. ஏட்டையா அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தச்சர் கிடைப்பது கஷ்டம். அந்தக் காவலரே மோட்டார் சைக்கிளில் போய் ஒருவரை அழைத்துவந்தார். நாங்கள் நிலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் வந்தது. ஏட்டையா கையைத் தூக்கிச் சுத்தியலை நிறுத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தறிக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதற்குமேல் வைத்துக்கொள்ளாமல் கதவு விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். லுங்கியையும் விடவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அது கெடக்குதுங்க," என்றார் அக்கா. "பத்திரிக வெக்க வந்தவங்க சோறு தின்னாங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையிலிருந்து யாருக்கும் அது தோன்றவில்லை. அரிசி எந்த டப்பாவில், பருப்பு எந்த அடுக்கில் என்று அக்கா ராசிபுரத்திலிருந்து சொல்லச் சொல்ல, ஏட்டையா சமையலறை அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.