உமிக்குள் ஆறிய வெண்கலம்

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகு, உத்தமபாளையத்துப் பக்கம் நாலு ஏக்கர் கரும்பையும் மாடு சுற்றும் இரும்பு ஆலையையும் அந்த வாயை வைத்துத்தான் கட்டி மேய்த்தேன். அதே வாயால் தலைகுனிந்த கதை இது.

யுத்த காலம். கரும்பு பாதி வெட்டிக் களத்தில் கிடக்கும்போது ஆலையின் புஷ் தேய்ந்துபோயிற்று. உருளையின் அச்சைத் தாங்கும் வெண்கல வளையம் அது. அது போனால் உருளை ஆடும், சாறு இறங்காது. வெட்டிய கரும்பு நாலைந்து நாளில் புளித்துவிடும். புளித்த சாற்றை என்ன காய்ச்சினாலும் வெல்லம் கட்டாது. மதுரையில் புது புஷ் கிடைக்கவில்லை. வருசத்து வெள்ளாமையே களத்தில் கிடக்கிறது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து அல்லிநகரத்து வார்ப்புப் பட்டறைக்கு ஓடினேன்.

பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர், பேச்சு குறைவு. மண் அச்சின் நடுவில், துளை விழுவதற்காக, கரி பூசிய இரும்புக் கட்டை ஒன்றை நிறுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“குளுந்த இரும்புல கொதிக்கிறதை ஊத்துனா வெடிக்காதா தம்பி? மண்ணுக் கட்டையை வை. அச்சை நல்லாச் சூடு பண்ணி ஊத்து. உமியைக் கொட்டி மூடிரு, மெள்ள ஆறட்டும். சூளையில சட்டி பானையை அப்படித்தானே ஆற விடுறாக?”

“சட்டி வேற, வெண்கலம் வேற அக்கா.”

நான் விடுவேனா? நச்சரிப்புத் தாங்காமல் சொன்னபடியே வார்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாளே உருளை மறுபடி ஆடியது. கழற்றிப் பார்த்தால் புஷ் ஒரு பக்கம் அரித்தெடுத்த மாதிரி இருந்தது. நேரே பட்டறைக்குப் போய், அங்கே காத்திருந்த நாலு பேர் முன்னால் கத்தினேன். “ஏலே, வெண்கலம்னு சொல்லிச் சேத்தையா ஊத்திக் குடுத்த? களத்துல கரும்பு புளிக்குதுடா.” உமி போடச் சொன்னது யார் என்பதே அப்போது என் நினைவில் இல்லை. என் பேச்சை நம்பி, காத்திருந்தவர்களில் ஒருவர் தம் அண்டாவை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

பட்டறைக்காரர் முகம் சுருங்கியது. “வார்ப்பு சரியில்ல. இப்பவே வேற ஊத்தித் தாரேன்” என்றார், அவ்வளவுதான்.

உலை காய்வதற்குள் அந்தப் புஷ்ஷை இரண்டாகப் பிளந்தார். உடைந்த இடம் சொரசொரவென்று, ஊசிக் கண் ஓட்டைகளோடு இருந்தது. ஊற்றுவாயில் மிஞ்சியிருந்த கட்டியையும் எடுத்து வந்து, அதன் குழிவை வெயிலில் காட்டினார். உள்ளே குட்டிக்குட்டியாய்ப் பெரணிச் செடிகள். தண்டு, தண்டுக்குக் கிளை, கிளைக்கும் கிளை, எல்லாம் வெண்கலத்தில். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

“உருகுனது உறையும்போது இப்படித்தான் கிளை விடும் அக்கா. மெள்ள ஆறுனா கிளைக்கும் கிளைக்கும் நடுவுல சந்து அகலமா விழும். கடைசியா உறையுறது அங்கன தேங்கிச் சொத்தையாப் போகும். வெரசா ஆறுனா கிளை நெருங்கி நிக்கும். இரும்புக் கட்டை அதுக்குத்தான். சூட்டை வெடுக்குன்னு இழுத்துரும்.”

எனக்குச் சுருக்கென்றது. பாகை ஆற அமர விட்டால் கற்கண்டு பருத்துப் போவதை அறியாதவளா நான்? வெல்லப் பாகோடு வாழ்ந்துகொண்டு, உமி போடச் சொல்லிச் சட்டம் பேசியிருக்கிறேன்.

இந்தத் தடவை இரும்புக் கட்டையை நிறுத்தி, குளிர்ந்த அச்சில் ஊற்றினார். வெடிக்கவில்லை. சிவப்பு அடங்கும்போதே கட்டையைத் தட்டி எடுத்தார். சோதிக்க ஊற்றிய சின்னத் துண்டை உடைத்தபோது, உடைந்த முகம் நொய்யைவிட நயமாக, ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தது. உறைகிற ஒரு நொடியைப் பிடித்து இப்படி வேலை வாங்குகிற மனுசரையா ஏலே என்றேன் என்று கூசியது.

“அத்தனை பேர் முன்னாடி வஞ்சேனே, உமி போடச் சொன்னதே இந்த அக்காதான்னு சொல்லியிருக்கலாமே தம்பி?”

புஷ்ஷைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “சொன்னா நீங்க ஒத்துக்கிருவீகளா? சண்டைக்கு நிப்பீக. அதுக்குள்ள கரும்பு புளிச்சுப் போகும்ல.”

அந்தப் புஷ்ஷிலேயே கடைசிக் கரும்பு வரை பிழிந்தோம். வெல்லம் நன்றாகக் கட்டியது. ஆலை நின்ற மறுநாள், அண்டாவை எடுத்துக்கொண்டு போனவரின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, அந்த வார்ப்பைக் கெடுத்தது நான்தான் என்று அவர் வாசலில் நின்று சொன்னேன்.