பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

1992 மார்ச் 7, சனிக்கிழமை. வழக்கம்போல் வாரச் சட்டைகளை இஸ்திரி போட்டேன். வானொலியில் செய்தி கேட்டு, தோசை சாப்பிட்டு, மினிபஸ் பிடித்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் மறுநாள் பெரியவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கவிருந்தது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட இயந்திரங்களில் பேசிக் என்ற புரோகிராம் மொழியை ஏற்றி, புதியவர்கள் பயப்படாமல் தொடங்கும்படி அமைத்துத் தரும் பொறுப்பு என்னுடையது.

வேலை முடியும் தறுவாயில் மாணவி ஒருவர் கணவரோடு வந்தார். செராஸில் வீடு, சுபாங் ஜெயா பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலை. அங்கே சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது, புரோகிராமிங் படிப்பவர்களுக்கு மட்டும். முன்பு ஒரு டைப்பிங் வகுப்பில் சேர்ந்து முதல் நாளோடு நின்றுவிட்டவராம்.

"இன்னிக்கு ஒரு தடவ தொட்டுப் பாத்துடறேன் சார். ஒத்து வரலைன்னா நாளைக்கு வரமாட்டேன். சூப்பர்வைசர்கிட்டயும் வேணாம்னு சொல்லிடுவேன்."

உட்கார வைத்தேன். இயந்திரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி இடம் ஒதுக்குவதுதான் முதல் பாடம். MD என்று அடித்து, இடைவெளி விட்டு, பெயரை அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். எண்டர் தட்டியதும் திரையில் ஒரு வரி வந்தது: இன்வேலிட் ஸ்விட்ச்.

அவர் சட்டென்று குனிந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். திரை இருண்டது.

"ஐயோ, ஏன் அணைச்சீங்க?"

"ஸ்விட்ச் சரியில்லன்னு அதுதானே சார் சொல்லுச்சு!"

ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த கணவர் சிரித்துவிட்டார். "உனக்கும் மெஷினுக்கும் ஆகாது லா."

மறுபடி போட்டு, மறுபடி அடிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். தன் பெயர், மலாயில் 'மகள்' என்பதைச் சுருக்கி a/p, பிறகு அப்பாவின் பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து அடையாள அட்டை வரை நாமெல்லாம் எழுதிப் பழகிய முழுப் பெயர். சாய்கோடு வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ கட்டளை வருகிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டளைக்குத்தான் ஸ்விட்ச் என்று பெயர். வகுப்பில் சேர்ந்திருந்த எல்லாருமே மகன் என்றால் a/l, மகள் என்றால் a/p காரர்கள். எல்லாருமே இதில் விழுவார்கள்.

விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை.

"அப்பா பேர் இல்லாம எந்த ஆபீஸ்ல சார் எடுத்துக்குவாங்க?"

"மாமாவை அதுக்குப் பிடிக்கல போல," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க!" என்றவர், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பெயரை வெட்டச் சொல்வதைவிடப் பாடத்தை மாற்றுவது எளிது என்று அப்போது தோன்றியது. நேரே பேசிக்கைத் திறந்தேன். "இன்னும் ஒரு நிமிஷம் இருங்கம்மா. 10 PRINT அடிச்சு, மேற்கோள் குறிக்குள்ள உங்க பேரை முழுசா அடிங்க. குறிக்குள்ள இருக்கறதை அது அப்படியே போட்டுடும்."

நின்றபடியே அடித்தார். RUN கொடுத்ததும் சாய்கோட்டோடு, அப்பாவோடு, முழுப் பெயரும் வந்தது. கைப்பை மேசைக்கு வந்தது. அடுத்த வரியாக, பத்தாம் வரிக்கே திரும்பிப் போ என்னும் 20 GOTO 10 அடிக்கச் சொன்னேன். மறுபடி RUN கொடுத்ததும் பெயர் திரை நிறைய ஓடத் தொடங்கியது.

"இதை எப்படி நிறுத்தறது சார்?"

"கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தணும்."

"இருக்கட்டும். கொஞ்சம் ஓடட்டும்."

கணவர் எழுந்து வந்து பார்த்தார். "மாமா ஓயாம வராரே!" மனைவி இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை. தானே நிறுத்தினார், தானே மறுபடி ஓட்டினார். தனி இடங்களுக்குப் பெயருக்குப் பதில் எண்களே போதும் என்று நான் எல்லா இயந்திரங்களிலும் மாற்றி அமைத்து முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை நான் போனபோது எனக்கு முன்பாகவே மாடிப்படியில் நின்றிருந்தார். கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, யாரையும் கேட்காமல், சுவர் ஸ்விட்சைப் போட்டார்.